அழுகைக் காட்சிக்கு இசை வேணுமா, கத்தரிச் சத்தம் போதுமா?

கடையத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா வாசிச்சுச் சொல்லுங்க.

எனக்குத் தென்காசி மாவட்டம், கடையம் பக்கத்துல ஒரு கிராமம். 19 நிமிஷக் குறும்படம் ஒண்ணு எடுத்திருக்கேன். எடிட்டிங் முடிஞ்சுது. ஒலிகிட்ட வந்து மூணு வாரமா நிக்கேன்.

கதை பீடி சுத்துற ஒரு அம்மாவைப் பத்தினது. மூத்த மகன் சவுதியில வேலை பார்க்கான். ஒரு மத்தியானம் அங்கிருந்து ஃபோன் வருது, மகன் இறந்துட்டான். அம்மா ஃபோனைத் தரையில வச்சுட்டு, மடியில இருக்கிற தட்டுல இருந்து அடுத்த இலையை எடுத்து வெட்டுதாங்க. அதுக்கடுத்த இலை. அதுக்கடுத்தது. அப்புறம் கை நின்னுருது. அதுக்கப்புறம்தான் அழுகை. மொத்தம் 2 நிமிஷம் 40 விநாடி, ஒரே ஷாட். நடிச்சது எங்க சித்தி. அவங்களும் நிஜத்துல பீடி சுத்துறவங்கதான். ஒரே டேக்ல முடிச்சாங்க. முடிஞ்சதும் யாருமே பேசலை, கேமரா பிடிச்ச பையன் உட்பட.

என் கூட்டாளி ஒருத்தன் அந்தக் காட்சிக்கு வயலினும் புல்லாங்குழலும் வச்சு இசை போட்டுக் கொடுத்தான். கேட்டா எனக்கே கண்ணு கலங்குது. ஆனா அது அந்த ட்யூனுக்காகக் கலங்குதா, அந்த அம்மாவுக்காகக் கலங்குதான்னு எனக்குப் பிடிபடலை. அதைச் சொன்னா அவன், "நம்ம சனத்துக்கு இசை இல்லாம அழ வராதுடா"ங்கான். கேமரா பிடிச்சவன், "மொத்தமா மியூட் பண்ணிரு, அதுதான் கனமா இருக்கும்"ங்கான். மியூட் பண்ணியும் பார்த்தேன். வீட்டுல ஆறு பேருக்குப் போட்டுக் காட்டினப்ப, எங்க மாமா எந்திரிச்சுப் போய் ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தாரு.

எனக்கு உள்ளுக்குள்ள கேக்குற சத்தம் வேற. எங்க அம்மா 31 வருஷமா பீடி சுத்துறாங்க. ராத்திரியே இலையை ஊறவச்சு ஈரச்சாக்குல சுத்தி வச்சுருவாங்க. விடியக்காலை 4 மணிக்குத் தகட்டை இலை மேல வச்சு வெட்ட ஆரம்பிப்பாங்க. நான் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அலாரம் வச்சதே கிடையாது, அந்தக் கத்தரிச் சத்தத்துலதான் முழிப்பேன். படத்துல அதுதான் வேணும். ஆனா கேமரா மேல இருந்த மைக்குல எடுத்ததால ஃபோன் பேசுற குரல் மட்டும் ஓரளவு தேறுது. கத்தரி இருக்க வேண்டிய இடத்துல காத்தும், மினி பஸ் ஹாரனும்தான் இருக்கு.

இசை வைக்கவா, வேண்டாமா? கத்தரிச் சத்தத்தை இனிமே தனியா எடுத்து ஒட்டினா அது பொய்யாத் தெரியுமா? இதுக்கடுத்த காட்சியில அந்த அம்மா சுத்தின பீடியைக் கூடையில வச்சுக்கிட்டு, ஒரு நீளமான சந்து வழியா பீடிக்கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போறாங்க. முடிவெடுக்க அதுவும் உதவும்னு சொல்லுதேன்.


பழைய எஃபெக்ட்ஸ்காரன்:

தம்பி, ரெண்டு தடவை படிச்சேன். நான் 1984-லேர்ந்து 2011 வரைக்கும் கோடம்பாக்கத்துல எஃபெக்ட்ஸ் வேலை பார்த்தவன். இப்ப ஃபோலின்னு சொல்றாங்க. ஹாலிவுட்ல யுனிவர்சல் ஸ்டூடியோவுல இருந்த ஜாக் ஃபோலிங்கிறவர் பேர்ல வந்த சொல். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. எஃபெக்ட்ஸ்னாதான் தெரியும். திரையில படம் ஓடும். அதைப் பார்த்துக்கிட்டே மைக்குக்கு முன்னாடி நடக்கணும், ஓடணும், தாழ்ப்பாள் போடணும், வளையலை ஆட்டணும், இலையில சோறு வைக்கணும்.

நடந்ததை மறுபடி ஏன் நடக்கணும்? அன்னிக்கு நம்ம ஊர்ல அதிகமா ஓடினது ஆரிஃப்ளெக்ஸ் 2சி கேமரா. ஓட ஆரம்பிச்சா தையல் மெஷின் பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஸ்பாட்ல பதிவாகிறதுக்குப் பேர் பைலட் ட்ராக். டப்பிங்ல வாயசைவுக்குக் குரல் கொடுக்கிறவங்களுக்கு வழிகாட்ட மட்டும்தான் அது. டப்பிங் முடிஞ்சா அதோட ஆயுசும் முடிஞ்சுது. அதாவது வயல்ல எடுத்த காட்சியில அந்த வயலோட காத்தும் பம்ப்செட்டும் கொக்கும் தியேட்டருக்கு வரவே வராது. நாங்க நாலு பேர் மூடின அறைக்குள்ள அந்த வயலைச் செய்வோம். தரையில ஒரு குழி மணல், ஒரு குழி ஜல்லி, ஒரு பக்கம் மரப்பலகை, மூலையில செருப்பு மட்டும் 40 ஜோடி. குதிரைக்குக் கொட்டாங்கச்சி. நெருப்புக்கு செல்லோஃபேன் பேப்பரைக் கசக்குவோம்.

ஒரு படத்துக்கு ரெண்டு மூணு நாள்தான் கொடுப்பாங்க. அதுக்குள்ள கதாநாயகன் காலடி, கதவு, வண்டி, சண்டை இவ்வளவுதான் முடியும். சுத்துப்புறம் காலியாவே கிடக்கும். வீடுன்னா வீட்டுக்குள்ள ஒண்ணும் கேக்காது, தெருன்னா தெரு இருக்காது. அந்தக் காலியை நிரப்பினது ஆர்.ஆர்.தான், அதாவது ரீரெக்கார்டிங்ல போடுற பின்னணி இசை. நம்ம படங்கள்ல இசை ஒரு நிமிஷம்கூட ஓயாம ஓடினதுக்கு ஜனங்க ரசனையை மட்டும் காரணமாச் சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கீழே விரிக்கச் சத்தம் இல்லாததால மேலே இசையை விரிச்சோம். பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கும் அது பழகிப்போச்சு.

அப்புறம் மிக்சிங். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூணும் ஃபிலிம் ஓரத்துல இருக்கிற ஒத்தைக் கோட்டுக்குள்ள இறங்கணும். ஆப்டிகல் ட்ராக்னு பேர். அதுல கூர்மையான சத்தம் முழுசா ஏறாது, கொலுசும் சில்லறையும் மங்கிப்போகும். மூணும் முட்டிக்கிட்டா இறக்குறது எப்பவும் எஃபெக்ட்ஸைத்தான். 1990-கள் ஆரம்பத்துல ஒரு படம். மருமகளைப் பறிகொடுத்த கிழவி ராத்திரியில தனியா ஆட்டுக்கல் சுத்துற காட்சி. நிஜ ஆட்டுக்கல்லையே உள்ளே தூக்கிட்டு வந்து அரை நாள் அரைச்சேன். மாவு இறுக இறுகக் கல்லோட சத்தம் மாறும் தெரியுமா? முதல்ல கரகரன்னு இருக்கும், போகப்போக உள்வாங்கும். அதை அந்தக் கிழவி முகத்தோட சேர்த்து வச்சிருந்தேன். ரிலீஸ் அன்னிக்குத் தியேட்டர்ல போய் உட்கார்ந்தேன். கல் சுத்துது, சத்தம் இல்லை. வயலின் மட்டும் கேக்குது. நல்ல வாசிப்புதான். ஆனா கிழவி தனியா இருக்கிற மாதிரியே இல்லை, சுத்தி முப்பது பேர் உட்கார்ந்த மாதிரி இருந்துது.

உன் விஷயத்துக்கு வர்றேன். மௌனம்ங்கிறது ட்ராக்கை அணைக்கிறது இல்லை தம்பி. ராத்திரி கரண்ட் போனாதான் அதுவரைக்கும் ஃபேன் ஓடினது காதுக்குத் தெரியும். நிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு ஓடிக்கிட்டே இருந்திருக்கணும். உன் கத்தரிச் சத்தம் அந்தக் காட்சியில ஆரம்பிச்சா லேட். படத்தோட முதல் நிமிஷத்துலயே வரட்டும். பக்கத்து வீட்டுக்காரி வந்து பேசுறப்ப, குழம்பு கொதிக்கிறப்ப, அடுத்த அறையிலேர்ந்து, முற்றத்திலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கட்டும். பார்க்கிறவன் அதை மறந்தே போகணும். அப்படி மறந்துபோனது நின்னா, அதுக்கு மேல எந்த வாத்தியமும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை.

தனியா எடுத்து ஒட்டினா பொய்யான்னு கேட்டிருக்கே. நான் 27 வருஷம் அதைத்தான் செஞ்சேன். கை பொய்யா இருந்தாத்தான் சத்தமும் பொய்யாகும். குதிரை கிடைக்காததால நாங்க கொட்டாங்கச்சி எடுத்தோம். உனக்கு 31 வருஷம் வெட்டின கையே வீட்டுல இருக்கு.

உன் கூட்டாளிகிட்ட ஒண்ணு சொல்லு. 1954-லயே 'அந்த நாள்' ஒரு பாட்டுகூட இல்லாம வந்துது. 2024-ல 'கொட்டுக்காளி' பின்னணி இசையே இல்லாம வந்துது. ஜனங்க மேல பழி போடாம, கேக்குறதுக்கு ஏதாவது கொடுத்துப் பாருங்க.


மிக்சிங் மேசை:

செய்முறை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

உங்க மாமா வயரை ஆட்டினதுக்குக் காரணம் நீங்க வச்சது முழுப் பூஜ்யம். உலகத்துல எந்த இடமும் அப்படி இருக்காது. சித்தி உட்கார்ந்த அதே இடத்துல, அதே நேரத்துல, யாரும் பேசாம ஒரு நிமிஷமாவது பதிவு பண்ணுங்க. ரூம் டோன்னு சொல்லுவோம். அது எல்லாத்துக்கும் அடியில ஓடட்டும். கத்தரிக்கு ஒரு மைக் ஒரு சாண் தூரத்துல, நேர் எதிரே வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல. இன்னொண்ணு ஆறடி தள்ளி. ரெண்டையும் கலந்தாதான் கத்தரி அந்த இடத்துல இருக்கிற மாதிரி கேக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அதிகபட்ச அளவு மைனஸ் 12 டெசிபெல் பக்கத்துல நிக்கட்டும். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைச்சுடுங்க.

ஷூட்டிங் ஒலியில இருக்கிற காத்தை மென்பொருள் வச்சு ரொம்பச் சுத்தம் பண்ணாதீங்க, குரல் தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஆகிடும். கொஞ்சம் காத்து இருந்துட்டுப் போகட்டும், அதுவும் உங்க ஊர்க் காத்துதானே. கடைசியா, நல்ல ஹெட்ஃபோன்ல ஒரு தடவை, சாதாரண செல்ஃபோன் ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேளுங்க. பாதிப் பேர் ஃபோன்லதான் பார்க்கப் போறாங்க.


இரண்டாம் வரிசை வயலின்:

1990-இலிருந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் ரீரெக்கார்டிங்கில் வாசித்தவள் நான். பெயருக்கேற்றபடி எப்போதும் இரண்டாம் வரிசைதான். எஃபெக்ட்ஸ் அண்ணன் எழுதிய ஆட்டுக்கல்லைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்தக் கல்லை மூடிய வயலின்களில் என்னுடையதும் ஒன்றாக இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை அண்ணா. நாங்கள் திரையைப் பார்த்து வாசிப்பதில்லை. எதிரே ஸ்டாண்டில் நோட்ஸ், காதில் தாளம் எண்ணித் தரும் க்ளிக் சத்தம், ஓரக்கண்ணில் கண்டக்டரின் கை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ரீல் முடிப்போம். எந்தப் படத்துக்கு வாசித்தோம் என்பதே பல நாள் வீட்டுக்குப் போனபிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொள்வேன்.

ஒரு நாள் மட்டும் க்ளிக்கோடு கொஞ்சம் வசனமும் என் ஹெட்ஃபோனில் கசிந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் அழுகை. நாங்கள் வாசிக்க வேண்டியது அதன் மேல்தான். டேக் முடிந்ததும் இசையமைப்பாளர் உள்ளே போய்ப் படத்தோடு சேர்த்துப் போட்டுக் கேட்டார். வெளியே வந்து, எங்கள் நோட்ஸில் முதல் எட்டு பார்களை, அதாவது தாளக் கட்டங்களை, பென்சிலால் அடிக்கச் சொன்னார். அந்த அம்மா முதலில் மூச்சை இழுக்கட்டும், நாம் பிறகு போகலாம் என்றார். எட்டு பாரையும் எண்ணிக்கொண்டு, வில்லைத் தந்திக்கு மேல் பிடித்தபடி சும்மா நின்றோம். முப்பது பேரும் மூச்சடக்கி நின்ற அந்த இடைவெளி எனக்கு இன்னும் கையில் இருக்கிறது.

அதனால் தம்பி, இசை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எனக்குக் கவலை.

1955-இல் வந்த 'பதேர் பாஞ்சாலி'யை உங்கள் நண்பரோடு உட்கார்ந்து பாருங்கள். வெளியூர் போன அப்பா வீடு திரும்புகிறார். மகள் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. அவளுக்கென்று வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறார். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த அம்மா உடைகிறாள். அவள் வாய் திறந்திருக்கிறது, அழுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்காது. கேட்பது தார் ஷெனாய், உச்ச ஸ்தாயியில். வில்லால் வாசிக்கும் எஸ்ராஜோடு ஒரு குழலைப் பொருத்திய கருவி அது. இசை ரவிசங்கர். சத்யஜித் ராய் அழுகையின் மேல் இசையைப் பூசவில்லை. அழுகையை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் இசையை உட்காரவைத்தார். ஒரு பாயில் இரண்டு பேர் நெருக்கியடித்துப் படுத்தால் இருவருக்கும் தூக்கமில்லை. நம் படங்களில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது: அவளும் அழுகிறாள், வயலினும் அழுகிறது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. 1960-இல் 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை, தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக்கொண்டுவந்தார். அதைக் கேட்டபிறகு ஹிட்ச்காக் மனம் மாறினார். எனவே உங்கள் நண்பரின் வாயை அடைத்துவிடாதீர்கள். அவர் போட்டுக் காட்டியே வாதாடட்டும்.

ஆனால் உங்கள் காட்சியில் கத்தரி இருக்கிறது. நான் அந்த வயலினை அங்கே தொடவிட மாட்டேன். அடுத்த காட்சிக்கு, அந்தச் சந்துக்குக் கொண்டுபோவேன். பாலு மகேந்திரா 1988-இல் எடுத்த 'வீடு' படத்தில், இளையராஜா ஏற்கெனவே 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்புக்காகச் செய்து வைத்திருந்தது பின்னணியாக வரும். காட்சியின் அசைவுக்கு அசைவு எழுதப்பட்டதல்ல. அதனால்தானோ என்னவோ, அது யாரையும் அழு என்று பிடித்து இழுக்காமல் பக்கத்தில் நடந்து வருகிறது. உங்கள் படத்து அம்மா கூடையோடு சந்தில் நடக்கும்போது அப்படி ஒரு துணை போதும். வயலினில் வைப்ராட்டோ, அதாவது சுரத்தை அதிரவைப்பது, வேண்டாம், நேர்கோடாக வாசிக்கச் சொல்லுங்கள்.


கடையத்துக்காரன்:

அண்ணாச்சி, அக்கா, நண்பரே, எல்லாருக்கும் நன்றி. கூட்டாளிகிட்ட இதை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். அண்ணாச்சி எழுதினதைக் கேட்டு முகம் சுருங்கிட்டான். அக்கா எழுதினதைக் கேட்டதும் 'பதேர் பாஞ்சாலி' எடுத்துக்கிட்டு வந்துட்டான். ராத்திரி ரெண்டு பேரும் அந்தச் சேலைக் காட்சியை மூணு தடவை பார்த்தோம். மூணாவது தடவை அவன், "சந்துல வச்சுப் பார்க்கலாம், ஆனா இங்கயும் என் ட்ராக்கை அழிச்சுராதே"ன்னான்.

நேத்து ராத்திரி 2 மணிக்கு என் அறைக்கதவைச் சாத்திட்டு, அம்மா கத்தரியை எடுத்து, படத்தைப் பார்த்து நானே வெட்டிப் பதிவு பண்ணினேன். அந்த 2 நிமிஷம் 40 விநாடியை ரெண்டு விதமா ஒலியா மட்டும் ஏத்தியிருக்கேன். முதலாவதுல இசை. ரெண்டாவதுல கத்தரி மட்டும். கேட்டுச் சொல்லுங்க.


காதால் பார்ப்பவன்:

இரண்டையும் நான்கு முறை கேட்டேன். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். எனக்கு ஒலி மட்டும் கிடைத்தாலே அது முழுப் படம்தான்.

என் சின்ன வயதில் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். ஒரு முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேர அளவுக்குச் சுருக்கித் தருவார்கள். தெருவில் பார்வையுள்ள பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் எல்லோரும் ஒன்று. வசனத்தை வைத்து யார் என்று தெரிந்துகொள்வேன். இசையை வைத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். ஆனால் எங்கே என்பது எஃபெக்ட்ஸ் சொன்னால்தான் உண்டு. ஒரு கதவு சாத்தப்படுவதைக் கேட்டால் அறை எவ்வளவு பெரியது, தரை சிமெண்டா மரமா, சாமான் நிறைந்ததா காலியா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆட்டுக்கல் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் செய்த கதவுகள் வழியாகத்தான் நான் பல வீடுகளுக்குள் போயிருக்கிறேன். இப்போது வரும் படங்கள் பலவற்றில் முதல் நொடியிலிருந்து கடைசி வரை இசை முழங்குகிறது. அதில் எனக்கு வீடும் இல்லை, தெருவும் இல்லை. பக்கத்திலிருப்பவரிடம் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் முதல் பதிவு. ஃபோனில் பேசுகிறவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, "அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்" என்று தயங்குகிறார். அதற்குள் வயலின் வந்துவிடுகிறது. ஒரு சாவு நடந்திருக்கிறது என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று. அந்தத் தாய்க்கு இன்னும் தெரியாது. பெற்றவளுக்கு முன்னால் எனக்குச் செய்தி வந்தது சரியில்லை. அவர் அழுகைக்கு வந்து சேரும்போது நான் ஏற்கெனவே துக்கத்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது பதிவு. கத்தரிக்கு இரண்டு சத்தம் இருக்கிறது. இலை அறுபடும் சத்தம், பிறகு இரும்போடு இரும்பு சேரும் சிறு சத்தம். ஃபோன் வைக்கப்பட்ட பிறகு எண்ணினேன், எட்டு முறை வெட்டு வருகிறது. ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது. எட்டாவது முறை இலை அறுபடுகிறது, ஆனால் இரும்பு சேரவில்லை. கத்தரி திறந்தபடியே நின்றுவிட்டது. அழுகை அதற்குப் பிறகு 11 விநாடி கழித்துத்தான் வருகிறது. எனக்கு அந்த 11 விநாடியே போதுமாயிருந்தது.

ஒரே ஒரு குறை. ஃபோன் பேசும் குரல் திறந்த வெளியை ஒட்டிய இடத்தில் இருக்கிறது, திண்ணையோ தாழ்வாரமோ. கத்தரி ஒரு மூடிய சின்ன அறையில் இருக்கிறது, அநேகமாகக் கட்டில் மெத்தை உள்ள அறை. அந்த அம்மாவும் அவர் கையும் வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள்.


பழைய எஃபெக்ட்ஸ்காரன்:

ஐயா, நீங்க எழுதினதை என் வீட்டுக்காரிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். 27 வருஷத்துல எந்த விமர்சனத்துலயும் எங்க கதவைப் பத்தி ஒரு வரி வந்ததில்லை.

தம்பி, ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. திண்ணையில போய் எடு. நீ வெட்டாதே, அம்மாவை வெட்டச் சொல்லு. உன் வெட்டு எட்டும் ஒரே கனத்துல இருக்கு. வழக்கமா வெட்டுற கைக்கு ஒரு இழுப்பு இருக்கும்.


கடையத்துக்காரன்:

பத்து நாள் கழிச்சு வாரேன், மன்னிச்சுக்கிடுங்க.

ஐயா, எப்படிச் சொன்னீங்கன்னே தெரியலை. என் அறையில கட்டிலும் மெத்தையும்தான் இருக்கு. சித்தி உட்கார்ந்தது திண்ணையில.

அம்மாகிட்ட ஹெட்ஃபோனைக் கொடுத்து நான் வெட்டினதைக் கேக்கச் சொன்னேன். இதுவரைக்கும் அவங்க ஹெட்ஃபோன் மாட்டினதில்லை, ரெண்டு கையாலயும் காதோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "ஏலே, இது காஞ்ச இலைல்லா"ன்னாங்க. "இப்படி நொறுங்குற இலையை எவ சுத்துவா? பாதி பீடி ஒடிஞ்சுல்லா போகும்." அது நிஜம். நான் அவசரத்துல மூலையில கிடந்த கழிவு இலையை எடுத்து வெட்டியிருந்தேன். படத்தை இதுவரைக்கும் 40 பேராவது பார்த்திருப்பாங்க, கேட்டிருப்பாங்க, யாருக்கும் இது தெரியலை.

அன்னிக்கு ராத்திரி அம்மாவே இலையை ஊறவச்சாங்க. விடியக்காலை 4 மணிக்குத் திண்ணையில உட்கார்ந்தோம். மைக் ஒண்ணு ஒரு சாண் தூரத்துல, இன்னொண்ணு ஆறடி தள்ளித் தூண் பக்கத்துல. ஊறின இலையோட சத்தம் வேறதான். காஞ்சதுல மொறுமொறுப்பு இருக்கு, இதுல ஒரு வழவழப்பான இழுப்பு. அண்ணாச்சி சொன்ன இழுப்பு இதுதான்னு நினைக்கேன். முதல் நிமிஷத்துல இருந்து படத்துல வைக்கிறதுக்காக அம்மா அரை மணி நேரம் வழக்கம்போல வெட்டினாங்க. எனக்குச் சின்ன வயசுல கேட்ட அதே சத்தம். ரெக்கார்டரைப் பார்க்கிறதை விட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.

அதுக்கப்புறம் அந்தக் காட்சி. கதையை அம்மாவுக்கு முன்னாடியே சொல்லியிருந்தேன். எட்டாவது இலையில பாதியில நிறுத்தணும்னு மட்டும் சொன்னேன். எவ்வளவு நேரம்னு சொல்லலை. அம்மா நிறுத்தினாங்க. பக்கத்து வீட்டு ஆடு ஒண்ணு செருமிச்சு. தெருக்குழாயில தண்ணி சொட்டுது. ரெக்கார்டர்ல பார்த்தா 47 விநாடி இருக்கு. நான் "போதும்மா"ன்னு சொல்ல வாயெடுக்கதுக்குள்ள, அவங்களாவே கத்தரியை மூடி மிச்ச இலையை வெட்டி முடிச்சுட்டாங்க. ஏம்மா வெட்டினீங்கன்னு கேட்டேன். "பாதியில விட்டா இலை வீணாப் போயிருமேல"ன்னாங்க.

சித்தி அழுகைக்கு அடியில இப்ப திண்ணையோட ரூம் டோன் மட்டும்தான் ஓடுது. ஷாட் முடிஞ்சு திரை இருட்டாகுது. மூணு விநாடி ஒண்ணும் இல்லாம அந்தக் குழாய்த் தண்ணி மட்டும். அப்புறம் அம்மா கத்தரி மூடுற சத்தம். அதுக்கப்புறம் சந்து.

கூட்டாளி சந்துக்குப் புதுசா எழுதிட்டான். பழைய ட்யூன்தான், புல்லாங்குழலை எடுத்துட்டான், வயலினை நேர்கோடா வாசிக்க வச்சிருக்கான். படத்துல வர்ற அம்மா சந்துல ஏழெட்டு அடி நடந்த பிறகுதான் ஆரம்பிக்குது, பீடிக்கடை வாசல் வர்றதுக்கு முன்னாடியே நின்னுருது. கடையில கட்டு எண்ணுற சத்தம் கேக்கணும்னு அவனே சொல்லிட்டான்.

மாமாவுக்கு நேத்து மறுபடி போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை எந்திரிக்கலை.